ஏட்டி… இன்னா… யெஸ் சார்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம், தண்டலத்தில் ஒரு கல்லூரி அரங்கம். நாடகம் முடிகிற நேரம். என் பக்கத்து நாற்காலியில் இருந்த ஓர் அம்மா எழுந்து நின்று மேடையோடு பேச ஆரம்பித்துவிட்டார்.

நான் அவர் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். பலனில்லை.

என்ன பேசினார் என்பதை அப்புறம் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு ஒப்புதல் வாக்குமூலம் – அந்த நாடகத்தை ஏறக்குறையக் கொன்றவள் நான்தான். சிவப்பு மைப் பேனாவால்.

இரண்டு மாதம் முன்பு ஒரு போன் வந்தது. ஒரகடம் பக்கம் போன் சார்ஜர் செய்கிற ஒரு கம்பெனியின் ஹெச்.ஆர். மேனேஜர். பெயர் மனோகர்.

"மேடம், உங்க பத்தியை வாராவாரம் படிக்கிறேன். எங்க ஃபேமிலி டேவுக்கு லைன்ல வேலை செய்யற பொண்ணுங்களே ஒரு டிராமா எழுதியிருக்காங்க. கதை நல்லா இருக்கு. லாங்குவேஜ்தான் கொஞ்சம் ரஃப்பா இருக்கு. பேரன்ட்ஸ் வருவாங்க, பிளான்ட் ஹெட் வருவார். நீங்க ஒரு தடவை பார்த்து கரெக்ட் பண்ணிக் கொடுத்தீங்கன்னா…"

எழுதுகிறவளிடம் வந்து, இன்னொருவர் எழுதியதைத் திருத்தச் சொன்னால் மறுப்பாளா? தீபாவளிக்கு முதல் நாள் மிட்டாய்க் கடையில் ருசி பார்க்கக் கூப்பிட்ட மாதிரி அல்லவா அது?

மறுநாளே கம்பெனி டிரைவர் ஒரு லாங் சைஸ் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். நாற்பது பக்கம், நீல மை, குண்டு குண்டான கையெழுத்து. நாடகத்தின் பெயர், 'ஏட்டி… இன்னா… யெஸ் சார்'. தெற்கேயிருந்து இங்கே வேலைக்கு வந்த ஒரு பெண்ணின் ஒரு நாள். காலை ஷிஃப்ட் பஸ் முதல் சாயங்காலம் ரூமுக்குத் திரும்புவது வரை அவள் யார் யாரிடம் எப்படி எப்படிப் பேசுகிறாள் என்பதுதான் கதை.

நான்கு நாள் உட்கார்ந்து திருத்தினேன். ஒரு பக்கத்தில்கூட சிவப்பு இல்லாமல் விடவில்லை. மிகுந்த திருப்தி.

ஐந்தாம் நாள், சனிக்கிழமை, நோட்டை வாங்கிக்கொள்ள இரண்டு பெண்கள் ஸ்ரீபெரும்புதூரில் என் வீட்டுக்கு வந்தார்கள். ஒருத்தி நாடகத்தை எழுதிய பேச்சியம்மாள். சொந்த ஊர் திசையன்விளைக்குப் பக்கம். ஆறு வருடமாக இங்கே வேலை, சுங்குவார்சத்திரத்தில் ஹாஸ்டல் வாசம். அவள் ஐ.டி. கார்டில் பெயரை இங்கிலீஷில் 'Petchi' என்று பார்த்துவிட்டு கம்பெனியில் பாதிப் பேர் 'பெட்சி' என்று கூப்பிடுகிறார்களாம். அவளும் திரும்பிப் பார்க்கிறாளாம். இன்னொருத்தி தேவிகா. பென்னலூரில் பிறந்து வளர்ந்தவள். லைனில் பேச்சிக்கு அடுத்த நாற்காலி. நாடகத்தில் மொத்தமே இவர்கள் இரண்டு பேர்தான் – ஆறு பாத்திரங்களையும் மாற்றி மாற்றிச் செய்வார்கள்.

"வாசிச்சுப் பாருங்களேன், கேட்கலாம்" என்றேன், பெருமையாக.

ஹாஸ்டல் ஓனரம்மா பேசும் இடத்தைத் தேவிகா எடுத்தாள். அவர்கள் எழுதியிருந்தது – 'இன்னாமே, மோட்டாரை ஆஃப் பண்ணாம தூங்கிகினு கீற?' நான் திருத்தியிருந்தது – 'என்னம்மா, மோட்டாரை நிறுத்தாமல் தூங்கிக்கொண்டிருக்கிறாயே?'

தேவிகா அதை டி.வி.யில் செய்தி வாசிக்கிற மாதிரி வாசித்தாள். வேறு எப்படி வாசிக்க முடியும்?

அடுத்த காட்சி லைனில். பேச்சியின் ஊரில் 'பைய' என்றால் மெதுவாக. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒரு டிரே நிறைய சர்க்யூட் போர்டுகளைத் தேவிகா தூக்கி வந்தபோது பேச்சி பதறிப்போய், "பைய வை, பைய வை" என்றிருக்கிறாள். தேவிகா டிரேயைப் பாதியில் பிடித்துக்கொண்டு, "பையா? எந்தப் பை? லைன்ல பை எடுத்துகினு வரக்கூடாதே" என்று காலடியில் தேடியிருக்கிறாள். சூப்பர்வைசரும் சேர்ந்து தேடினாராம். இரண்டு பேரும் சிநேகிதிகள் ஆனது அன்றைக்குத்தான். நாடகத்தில் இது அப்படியே இருந்தது.

நான் என்ன செய்திருந்தேன்? 'பைய' என்பதை அடித்துவிட்டு 'மெதுவாக' என்று எழுதியிருந்தேன்.

"மெதுவாக வை" என்று பேச்சி வாசித்தாள்.

"பையா? எந்தப் பை?" என்று தேவிகா வாசித்தாள். வாசித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "மேடம், இப்ப எனக்கு இன்னா ஆச்சு? கிறுக்கு புடிச்சிச்சா?"

பேச்சிதான் மெல்லச் சொன்னாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்குக்கா. யாரு பேசுதான்னுதான் தெரியல."

அந்த ஒரு வாக்கியத்தில் என் நான்கு நாள் உழைப்பும் போயிற்று. சமாளிக்க ஏதாவது சொல்ல வேண்டுமே… "பொதுவா எல்லாருக்கும் புரியிற மாதிரி, எல்லார்கிட்டயும் ஒரே தமிழ் பேசினா நல்லது இல்லையா? நான் அப்படித்தான்" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, போன். பத்திரிகை ஆசிரியர். "வணக்கம் சார். நாளை காலைக்குள் அனுப்பிவிடுகிறேன்" என்றேன். வாசலில் தண்ணீர் கேன் போடுகிறவர் மணியடித்தார். "இன்னாப்பா நீ, நேத்து வரேன்னு இன்னிக்கு வந்து நிக்கிற? ரெண்டு கேன் போட்டுட்டுப் போ" என்றேன். மறுபடி போன். சன்னதித் தெருவில் இருக்கும் என் அத்தை. எங்கள் குடும்பம் பரம்பரையாகக் கோயில் கைங்கர்யத்தில் இருப்பது. "சொல்லுங்கோ அத்தை. ஆத்துல எல்லாரும் சௌக்கியமா? இன்னிக்குக் கோயில்ல கூட்டம் ஜாஸ்தியோ?" என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், தேவிகா என்னையே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களே ஒரு டிராமாவா கீறீங்களே மேடம்."

அப்புறம் காபி கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

காபி குடிக்கும்போதுதான் பேச்சி, நாடகத்தின் கடைசிக் காட்சி எங்கிருந்து வந்தது என்று சொன்னாள்.

மூன்று வருடம் முன்னால். ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது ஊரிலிருந்து அம்மா போன் செய்திருக்கிறார். பஸ்ஸில் தேவிகாவோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த வேகத்தில் இவள் எடுத்து, "அலோ, இன்னாமா?" என்றாளாம். அந்தப் பக்கம் அம்மா, "யாரு?" என்று கேட்டிருக்கிறார். அப்புறம் லைன் கட்.

"பொறவு ராத்திரி அவளே போன் பண்ணுனா. சாப்ட்டியா, தூங்குனியான்னு எப்பவும் போலத்தான் பேசுனா. அதப் பத்தி அவளும் கேக்கல, நானும் சொல்லல. ஆனா எங்கம்மாவே என்னைய யாருன்னு கேட்டுட்டாளேக்கா."

அன்றிலிருந்து, அம்மாவிடம் பேசப்போகும் முன் ஹாஸ்டல் மாடிப் படியில் தனியாக நின்று, "வாரேன், இருக்கேன், சொல்லுதேன்" என்று நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் நம்பரைப் போடுகிறாளாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண் மட்டும் சிரிக்கவில்லை.

நான் நோட்டை எடுத்து நீட்டினேன். "தப்புப் பண்ணிட்டேன் பேச்சி. இந்தச் சிவப்பையெல்லாம் மறந்துடு. நீ எழுதினதை எப்படித் திரும்ப எடுக்கிறதுன்னுதான்…"

"அது பரவால்லக்கா. நான் ஜெராக்ஸ் எடுத்து வச்சிட்டுத்தான் குடுத்தேன்" என்றாள்.

என் பெருமை மொத்தமும் கரைந்த சனிக்கிழமை அது.

அதற்கப்புறம் ஒத்திகைக்கு நானே வலியப் போக ஆரம்பித்தேன். சுங்குவார்சத்திரத்தில் அவர்கள் ஹாஸ்டலின் சாப்பாட்டுக் கூடம். ஸ்டீல் மேஜைகளை ஒதுக்கினால் அதுதான் மேடை. அங்கே ஒரு விநோதம் பார்த்தேன். ஊர்ப்பெண்ணாகப் பேச்சியே நடித்தால் கட்டை மாதிரி நின்றாள். ஓனரம்மாவாகத் தேவிகா நடித்தால், பள்ளிக்கூடத்தில் மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. அலுத்துப்போய் ஒருநாள் விளையாட்டாகப் பாத்திரங்களை மாற்றிக்கொண்டார்கள். பென்னலூர் தேவிகா, "ஏட்டி, எங்க போவுத?" என்று இழுத்ததும் மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் விசிலடித்தார்கள். திசையன்விளை பேச்சி இடுப்பில் கைவைத்து, "இன்னாத்துக்குமே இம்மாந்தண்ணி ஊத்துற?" என்றதும் நிஜ ஓனரம்மாவே கதவோரம் வந்து எட்டிப் பார்த்தார்.

ஏன் இப்படி என்று பேச்சியிடம் கேட்டேன்.

"அடுத்தவ மாதிரி பேசச் சொன்னா பேசிருவேன்க்கா. என்னைய மாதிரி பேசச் சொன்னா, எந்த என்னைய மாதிரின்னு வருதே" என்றாள்.

நம்மில் யாருக்குத்தான் அது வராது? பேங்க் மேனேஜர் முன்னால் உட்காரும்போது நான் வேறு, காய்கறிக்காரியிடம் பேரம் பேசும்போது நான் வேறு. வீட்டில் கத்துகிற மனிதர், ஆபீஸ் போன் வந்தால் எப்படிப் பூனைக்குட்டி ஆகிறார்? குரல் மட்டுமா மாறுகிறது? தோள் மாறுகிறது, கை மாறுகிறது, நின்றுகொண்டிருப்பவர் உட்காருகிறார். இதில் எது நிஜ ஆள் என்று கேட்டால், எல்லாமே நிஜம்தான் என்று சொல்லிவிடலாம். ஆனால் இருபது வயதில் ஊரைவிட்டு வந்த பெண்ணுக்கு அந்தப் பதில் போதவில்லை போலிருக்கிறது.

நாடகத்துக்கு மூன்று நாள் முன்பு மனோகர் ஒத்திகை பார்க்க வந்தார். திருத்தப்பட்ட தமிழை எதிர்பார்த்து வந்தவர், முதல் 'இன்னாமே'விலேயே என் பக்கம் திரும்பினார். நான் விட்டத்தைப் பார்த்தேன்.

அவரை அதிகம் கலக்கியது 'யெஸ் சார்' காட்சி. சூப்பர்வைசர், "பிராப்பரா பேசு" என்கிறார். அந்தப் பெண் அதன்பின் எல்லாவற்றுக்கும் "யெஸ் சார்" மட்டுமே சொல்கிறாள். புரிந்தால் யெஸ் சார். புரியாவிட்டாலும் யெஸ் சார். பாத்ரூம் போக வேண்டும் என்றால் ஒரு யெஸ் சார். ஓவர்டைம் பார்க்க முடியாது என்பதற்கு ஒரு யெஸ் சார். கடைசியில் மெஷினில் ஏதோ தீய்ந்த வாடை வருகிறது – அதற்கும் அவள் வாயில் வருவது அதே யெஸ் சார்தான்.

மனோகர் நல்ல மனிதர். பேச்சியைத் தனியாகக் கூப்பிட்டு, என்னையும் வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

"பெட்சி, அடுத்த புதன்கிழமை உனக்கு டிரெய்னர் போஸ்ட்டுக்கு இன்டர்வியூ. போன வருஷம் ஏன் கிடைக்கலைன்னு தெரியும். ஊர் ஸ்லாங் வருதுன்னு பேனல்ல எழுதுனாங்க. அதே பேனல் ஞாயிற்றுக்கிழமை முதல் வரிசையில உட்கார்ந்திருக்கும். இந்த சீனும் அந்தப் போன் சீனும் வேணுமா? யோசிச்சுக்கோ."

பேச்சி தரையைப் பார்த்தபடி நின்றாள். டிரெய்னர் ஆனால் லைனில் எட்டு மணி நேரம் நிற்க வேண்டாம், நைட் ஷிஃப்ட் கிடையாது. ஆறு வருடமாக அவள் பார்த்துக்கொண்டிருந்த இடம். நானாக இருந்தால் இரண்டு காட்சிகளையும் எடுத்திருப்பேன். சத்தியமாக.

"யோசிச்சுட்டேன் சார். அந்த ரெண்டு சீனுக்குத்தான் மத்த எல்லாத்தையும் எழுதுனேன்" என்றாள்.

மனோகர் பெருமூச்சு விட்டார். "சரி, நடக்கிறது நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முதல் நாள் பஸ் ஏறி பேச்சியின் அம்மாவும் வந்திருந்தார். ஒல்லியான, விறுவிறுப்பான மனுஷி. நாடகத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்கு ஒரு வரி தெரியாது. "அக்கா, அம்மா பக்கத்துல இருந்துக்கிடுங்க" என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டு பேச்சி மேடைக்குப் பின்னால் ஓடினாள்.

அரங்கம் நிறைந்திருந்தது. பைய-பை காட்சியில் தெற்கத்திக்காரர்களும் உள்ளூர்க்காரர்களும் தனித்தனியாக, வேறு வேறு இடத்தில் சிரித்தார்கள். ஓனரம்மா காட்சியில் புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தார்கள் – அந்த அம்மா போனில் ஒருவரிடம் சுத்தத் தமிழ், தண்ணி கேன் ஆளிடம் மெட்ராஸ் தமிழ், அத்தையிடம் "சௌக்கியமா" என்று மூன்று நிமிடத்தில் மூன்று அவதாரம் எடுத்தார். விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடிக்கும்போதுதான் அது யாரென்று புரிந்தது.

'யெஸ் சார்' காட்சியின்போது மனோகர் மேடையைப் பார்க்கவே இல்லை. முதல் வரிசை முகங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான். மூன்றாவது யெஸ் சாரில் அவர்கள் சிரித்தார்கள். ஐந்தாவதில் கைதட்டினார்கள். தீய்ந்த வாடைக்கு அவள் "யெஸ் சார்" என்றபோது ஒருவரும் சிரிக்கவில்லை. பிளான்ட் ஹெட்டுக்குத் தமிழ் தெரியாது. அவர்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கடைசிக் காட்சி. மேடையில் ஊர்ப்பெண்ணாகத் தேவிகா. பஸ் சீட் என்று ஒரு நாற்காலி. போன் அடிக்கிறது.

"அலோ, இன்னாமா?"

மேடைக்குப் பின்னாலிருந்து பேச்சியின் குரல், அவள் அம்மாவின் குரலாகவே வந்தது.

"யாரு?"

லைன் கட். தேவிகா போனைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். "என்னம்மா" என்று சொல்லிப் பார்க்கிறாள். சரியாக வரவில்லை. மறுபடி, "என்னம்மா"… மறுபடி… சொல்லச் சொல்ல அது யாருடைய குரலாகவும் இல்லாமல் போகிறது. பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அப்போதுதான் என் பக்கத்து நாற்காலி காலியானது.

"ஏட்டி பேச்சி" என்றார் அம்மா, எழுந்து நின்று. "அது ஒன்னையச் சொன்னது இல்லட்டி."

அத்தனை தலைகளும் திரும்பின.

"கரண்டு ரீடிங் எடுக்க வாறவன் அன்னைக்குக் கதவத் தட்டுனான்லா. அவனைத்தான் யாருன்னு கேட்டேன்."

ஓனரம்மா வேஷத்தில், தோளில் துண்டோடு, மேடைக்குப் பின்னாலிருந்து பேச்சி வெளியே வந்தாள். முகமெல்லாம் ஈரம். "அப்பொறம் போன ஏன் வச்ச?"

"மீட்டரப் பாக்க வேண்டாமா? தப்பா எழுதிட்டுப் போயிருவான்லா."

அரங்கம் இடிந்து விழுந்த மாதிரி ஒரு சிரிப்பு. பேச்சி மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தேவிகா அவளைக் கட்டிக்கொண்டு, "மூணு வருஷமா ஒரு மீட்டருக்காடி அழுதுகினு இருந்த?" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்களா, அழுதார்களா? தூரத்திலிருந்து தெரியவில்லை. திரையை இழுக்க வேண்டியவர் இழுக்க மறந்துவிட்டார்.

பிளான்ட் ஹெட் மேடைக்கு வந்து மனோகரின் கையைக் குலுக்கினார். அம்மா வேஷத்துக்கு அவ்வளவு பொருத்தமான ஒரு நடிகையை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டாராம். மனோகர் மறுக்கவில்லை.

புதன்கிழமை இன்டர்வியூ. புதிதாக வருகிற பெண்களுக்கு முதலில் என்ன சொல்லிக்கொடுப்பாய் என்று பேனல் கேட்டிருக்கிறது. "புரியலன்னா யெஸ் சார் சொல்லக் கூடாதுன்னு சொல்லிக் குடுப்பேன் சார். அவங்க ஊர் பேச்சுலயே புரியலன்னு சொல்லட்டும். நான் புரிஞ்சுக்கிடுவேன்" என்றாளாம். நேற்று போன் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. ஐ.டி. கார்டில் பெயரைத் தமிழில் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறாளாம்.

அவளிடம் நான் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு.

ஞாயிற்றுக்கிழமை நாடகம் முடிந்து, பேச்சி எங்களுக்கு டீ வாங்கப் போனாள். நானும் அவள் அம்மாவும் கம்பெனி பஸ்ஸின் நிழலில் நின்றோம்.

"நல்லவேளை, அன்னைக்கு அந்த ரீடிங் எடுக்கிறவர் வந்தார்" என்றேன்.

"எங்க வந்தான்?" என்றார் அவர், சாதாரணமாக. "மீட்டரு வாசச் செவுத்துல, வெளியலா இருக்கு. வந்தாலும் எழுதிட்டு அவம்பாட்டுக்குப் போயிருவான். கதவ எதுக்குத் தட்டுதான்?"

"அப்போ அந்த 'யாரு'?"

"நெசமாவே தெரியலம்மா. வேற யாருக்கோ போட்டுட்டோம், யாரோ மெட்ராஸ்காரப் பொம்பள பேசுதான்னு வச்சிட்டேன்." மூன்று டீ கிளாஸ்களைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு வரும் மகளைப் பார்த்தார். "புள்ள இத்தன பேருக்கு முன்ன நின்னு அழுதுகிட்டு நிக்கா… அதப் போயி அங்க வச்சு சொல்ல முடியுமா?"

"இதை நான் எழுதலாமா?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியுமா?

"எழுதுங்க. அவ எங்க பேப்பர் படிக்கா?"

எனக்கும் அந்த ஒரு தைரியம்தான்.